டிகோன் ஸபாராவின் இரண்டாவது டேக்

உங்கள் அலுவலகத்தில் கணகணப்பு நன்றாக இருக்கிறது, தோழர். எங்கள் வீட்டில் மார்ச் முடியும் வரை கோட்டைக் கழற்ற முடியாது. தேநீருக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம், டாக்டர் திட்டுவார்.

டிகோனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவன் அக்கா மனுக் கொடுத்ததால் இத்தனை வருஷம் கழித்து வழக்கைத் திரும்பப் பார்க்கிறீர்கள், அவன் குற்றமற்றவன் என்று அறிவிக்கலாமா என்று. நல்ல காரியம். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒடெஸாவில் என் முதல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊமைப்படக் காலம். மீனவன் வேஷத்துக்கு ஆள் தேடினால், வந்த நாடக நடிகனெல்லாம் மீனைப் பூச்செண்டு மாதிரி பிடித்தான். வெறுத்துப்போய்ச் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு சுமைகூலி தலையில் மீன்பெட்டியோடு ஒரு மீன்காரியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"நகரு தாயி, மீனு நாத்தத்தக்கூடத் தாங்கிரலாம், உன் வாயத் தாங்க முடியல."

"உன்னப் பெத்தவ அன்னிக்கே உப்புப் போட்டு வெச்சிருந்தா நீ இப்படிக் கெட்டுப்போயிருக்க மாட்ட."

அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கூட்டிவந்தேன். அவன்தான் டிகோன்.

அவனுக்கு நடிப்புச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சொன்னதைச் செய்வான். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவோம், விளக்கின் ஒளி சரியாக விழும் இடம் அது. நான் "மறுபடி" என்றால் அவன் கால் தானாக அந்தக் கோட்டுக்குப் போய் நிற்கும். முதல் டேக்கோடு திருப்திப்படுகிற ஆள் நானில்லை. ஸ்டுடியோவில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

"அர்காதி பெத்ரோவிச் கல்யாணத்துல பொண்ணு சம்மதம்னு சொன்னதும், 'இன்னொரு தடவை, கொஞ்சம் மனசு வெச்சுச் சொல்லும்மா'ன்னு கேட்டவருய்யா" என்பார்கள்.

ஒரு பிப்ரவரியில் டிகோனைக் கடலில் இறங்கச் சொன்னேன். இறங்கினான். மறுபடி என்றேன். உதடு நீலம் பாரித்து ஏறி வந்தவன், ஈரச் சட்டையைப் பிழிந்துவிட்டுத் திரும்பவும் இறங்கினான். அந்தப் படம்தான் எனக்கு வீடு வாங்கிக் கொடுத்தது. அவனுக்கும் பேர் கிடைத்தது. க்ளாஃபிராவைக் கட்டிக்கொண்டான், செல்லமாக க்ளாஷா என்பான். அவர்கள் மகனுக்கு நான்தான் பேர் வைத்தேன்.

பிறகு பேசும்படம் வந்தது. என் கெட்ட காலமும் கூடவே வந்தது. கூட்டுப்பண்ணையைப் பற்றி ஒரு படம் எடுத்தேன். படத்துக்கு அனுமதி தரும் கலைக்குழுவில் பார்த்தவர்கள், வயலுக்கு மேலே இத்தனை மேகம் எதற்கு, எதைச் சொல்ல வருகிறாய் என்றார்கள். மேகம் இருந்தது, எடுத்தேன், வேறென்ன சொல்ல? படம் வெளிவராமல் அலமாரிக்குப் போனது. டெலிபோன் அடிப்பது நின்றது. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்கள். ஒரு வருஷம் வாசலில் கார் நிற்கும்போதெல்லாம், என்னைக் கைது செய்ய வந்துவிட்டார்களோ என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த நிலையில் இருந்த ஒரு மனிதன் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

என்னைக் கூட்டிப்போகவில்லை. டிகோனைக் கூட்டிப்போனார்கள். துறைமுகத்துத் தானியக் கிடங்கை வெடிவைத்துத் தகர்க்க வெளிநாட்டு மாலுமிகளோடு சதி செய்தானாம். அவன் அவர்களோடு குடித்தது உண்மை. அவன் யாரோடுதான் குடிக்கவில்லை?

அடுத்த மாதம் விசாரணை அதிகாரி நெஃபியோதவ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மரியாதையான மனிதர். வழக்கு துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் எல்லார் முன்னாலும் நடக்கும், அதைப் படமாக்க வேண்டும் என்றார். டிகோன் சொல்லப்போகிற வாக்குமூலம் தட்டச்சு செய்து மேசைமேல் இருந்தது.

"படிச்சுப் பாருங்க. என்னமோ இடிக்குது. ஆளு பேசுற மாதிரியே இல்ல."

அவர் சொன்னது சரி. செய்தித்தாள் தலையங்கம் மாதிரி இருந்தது. டிகோன் வாயில் நுழையாத வார்த்தைகள். நான் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். அவன் எங்கே மூச்சு விடுவான், எந்த வார்த்தையில் குரல் உடையும் என்று எனக்குத்தானே தெரியும். டிகோன் ஒத்துழைத்தால் அவன் உயிருக்கு ஆபத்தில்லை என்று நெஃபியோதவ் சொன்னார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அவனுக்கு நாக்குப் புரள வேண்டுமே என்றுதான் எழுதினேன். நண்பனுக்கு என்னால் முடிந்தது அதுதான்.

விசாரணை நாளில் மன்றம் நிரம்பி வழிந்தது. மேடையில் கோடு போடச் சொன்னேன். டிகோனைக் கொண்டுவந்தார்கள். பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், வந்து நின்றான். நான் ஒலிக்கருவியின் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கேமராவை ஓட்டச் சொன்னேன்.

நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட அவன் சொல்லவில்லை.

"க்ளாஷா, நான் எதையும் செய்யல. பையன்கிட்ட சொல்லு. அப்பா எதையும் செய்யல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். முதுகிலிருந்து பாரத்தை இறக்கி வைத்தவன் முகம் அது. இத்தனை படத்தில் அவனிடம் அப்படி ஒரு முகத்தை நான் வாங்கியதில்லை. நெஃபியோதவ் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் என்னைத்தான் பார்த்தார், டிகோனை இல்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"சத்தம் பதிவாகல, டிகோன். மறுபடி. முதல்லேர்ந்து."

அவன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. ஒரு காலை இழுத்து, கோட்டுக்குப் பின்னால் போய், திரும்ப வந்து நின்றான். நான் எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. அடுத்த வாரம் அவனைச் சுட்டுவிட்டார்கள்.

எடிட்டிங்கில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டாவது டேக்கில் குரல் நன்றாக இருந்தது, முகம் செத்துக் கிடந்தது. முதல் டேக்கில் பேசி முடித்து நிமிர்ந்த அந்த முகம் கையில் இருந்தது. படம் தனி, ஒலி தனி, ஒட்டுவதற்கு என்ன? குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலை முடித்து, அதன்பின் அந்த முகத்தை வைத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மனம் லேசான குற்றவாளி. பார்த்தவர்கள் அழுதார்கள். எனக்குத் திரும்ப வேலை கிடைத்தது. அலமாரியில் இருந்த படமும் வெளியே வந்தது.

க்ளாஃபிராவை அன்று மன்றத்துக்குள் விடவில்லை, உள்ளே கேட்டவர்கள் பயந்து அவளிடம் சொல்லவுமில்லை; அவள் அதைத் தியேட்டரில்தான் பார்த்திருக்கிறாள். நேராக என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றாள்.

"அர்காஷா, அவர் முகத்த எனக்குத் தெரியும். பொய் சொல்லும்போது பூனையாட்டம் முழிப்பாரு. அது பொய் சொன்ன முகம் இல்ல. அப்ப நெசமாவே செஞ்சிருக்காரு, இல்ல?"

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது, என்ன சொல்ல முடியும்? உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடி என்றேன். குடிக்கவில்லை. பிறகு மகனுக்கு டிகோனின் பேரை எடுத்துவிட்டுத் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பேரை வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மனுக் கொடுத்தது அக்காதான், மனைவி இல்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஒலி பதிவாகியிருந்ததா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். பதிவாகியிருந்தது, தோழர். காதுக்குழாயில் அவன் மூச்சுக்கூடத் தெளிவாகக் கேட்டது. அந்த ஒலிச்சுருளை நானே என் கையால் அடுப்பில் போட்டேன். அவனைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். க்ளாஃபிராவிடமும் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவன் குற்றமற்றவன் என்று ஆனபிறகு அந்தப் படத்தில் உங்கள் ஆட்கள் கை வைப்பார்கள். என்ன வேண்டுமானாலும் வெட்டட்டும். கடைசியில் வரும் அந்த முகத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், வேறு எங்கே வைத்தாலும் அது எடுபடாது.