டார்வினுக்கு ஒரு ஜோடி டயர்

டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சார்ஜென்ட். ஆறிவிட்டால் எதிர்வீட்டு வூலா போடும் டீ மாதிரி ஆகிவிடும். அவள் புருஷன் அந்த டீக்குப் பயந்துதான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தான் என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பியது நான்தான்.

காரிலிருந்த சாமான்களைக் கொடுக்க வந்தீர்கள். ஒரு டப்பா பெயிண்ட், இரண்டு பிரஷ், ரிப்பன் கட்டிய சாவி. கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நானும் வாங்கி வைத்திருப்பேன். வாசலில் நின்றபடி ஒரு தெருவின் பெயரைச் சொன்னீர்களே, அதற்காகத்தான் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அந்தப் பெயருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் டயர்.

அந்தக் காரை நீங்கள் நசுங்கிய நிலையில்தான் பார்த்தீர்கள். நன்றாக இருந்தபோது ஆரஞ்சுப் பழ நிறம்; எட்டு சிலிண்டர்; பின்சக்கரங்கள் தள்ள ஓடும் வண்டி. ஜாரட் அதைக் கழுவுவதில் காட்டிய அக்கறையில் பாதியைத் தன் கழுத்துக்குக் காட்டியிருந்தால் என் தலையணை உறைகள் தப்பித்திருக்கும். என் மகள் ஷானாவோடு சேர்ந்து வாழ வந்தவன், வீடு கிடைக்கும்வரை என்று என் வீட்டில் தங்கினான். இரண்டு கோடை போய்விட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. வூலாவிடம் சொன்னேன், அது வேறு.

என் கணவர் கெவ் டயர்க் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பாவின் வண்டியும் அங்கேதான் வரும். காசு கொடுக்கும்போது வானிலை பற்றிப் பேசுகிறவர். கெவ் செத்துப்போன பிறகும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரம் கழற்றத் தெரியாது, ஆனால் அளவு தெரியும். டயரின் பக்கத்தில் மூன்று எண் இருக்கும். முதலாவது அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. மூன்றாவது, அது உட்காரும் சக்கரத்தின் அளவு. பையன்கள் முதல் எண்ணை மட்டும் படிப்பார்கள்.

ஒரு சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், காரின் அருகே ஜாரட்டும் ஷானாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கவில்லை. துணி மெதுவாகத்தான் மடிக்க வந்தது.

"டார்வின்ல வீடு கிடைச்சிடுச்சு. மாசக் கடைசில போயிடலாம்" என்றான்.

"அம்மாகிட்ட எப்பச் சொல்றது?"

"சாவி கைக்கு வரட்டும். இப்பச் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள வூலா வீட்டு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிடும்."

அவள் சிரித்தாள். அப்புறம், "அம்மா அழுதுடுவாங்க, பாரு" என்றாள்.

டார்வின் நகரம் இங்கிருந்து பாலைவனத்தைத் தாண்டி, நாட்டின் அந்தக் கோடி. கெவ்வின் தம்பி அங்கே போனான். முதலில் மாதம் ஒரு போன், பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், பிறகு ஒன்றுமில்லை. துணியை மடித்து முடித்தேன். அன்று வூலாவிடம்கூடச் சொல்லவில்லை. அதிலிருந்தே உங்களுக்குப் புரிய வேண்டும்.

அந்த வாரமே ஜாரட் கடைக்கு வந்தான். நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பிக் கிளப்பிப் பின் டயர் இரண்டும் வழுக்கையாகியிருந்தன.

"நோல், பின்னாடி கொஞ்சம் அகலமாப் போடணும்னு ஆசை. ஆனா இந்தச் சக்கரத்துக்கு 255-க்கு மேல வேண்டாம்னு கெவ் எப்பவும் சொல்வாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். ஐஸ்கிரீம் கேட்கிற பிள்ளைகள் இப்படித்தான் நிற்கும்.

"285 போடுப்பா. முப்பத்தைந்து உயரம். கெவ் பழைய காலத்து ஆளு" என்றேன்.

"நிஜமாவா? முன்சக்கரத்துல 245 தானே, நாப்பத்தஞ்சு உயரம்."

"அது அப்படியே இருக்கட்டும்."

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கழுத்து அப்போதும் கழுவப்படவில்லை.

விளக்கிவிடுகிறேன். ஒடுக்கமான சக்கரத்தில் அவ்வளவு அகலமான டயரை ஏற்றினால் அது இட்லி மாதிரி நடுவில் உப்பிக்கொள்ளும்... பாருங்கள், கடைசித் தெருத் தமிழ்க்காரி வீட்டு இட்லி என் பேச்சில்கூட வருகிறது. ஓரங்கள் சாலையைத் தொடாது. தேங்கிய தண்ணீரை அகலமான டயர் கிழித்துக்கொண்டு போகாது, மேலே மிதக்கும். இன்னொன்று, அந்த அளவில் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட விரல் அகலம் குட்டையாகிவிடும். குட்டைச் சக்கரம் வேகமாகச் சுற்றும். வண்டி வழுக்குகிறது என்று காரின் மூளை நினைத்துக்கொண்டு ஓயாமல் மஞ்சள் விளக்கை எரியவிடும்.

அதையும் அவன் வந்து கேட்டான். "பட்டன் இருக்கே, அணைச்சிடு" என்றேன். வழுக்கலைத் தடுக்கும் கருவியும் அந்தப் பட்டனோடு அணைந்துவிடும். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், ஆனால் சொன்னது கெவ்வின் மனைவி.

டயர் மாட்டும் துவான் அன்று கடையில் இல்லை. இருந்திருந்தால் அந்த அளவைத் தொட்டிருக்க மாட்டான். அவன் லீவு எடுத்த நாளாகப் பார்த்துத்தான் ஜாரட்டை வரச் சொன்னேன். யந்திரம் இருக்கிறது, நீயே மாட்டிக்கொள் என்றேன். இதைத் திட்டம் என்று நீங்கள் எழுதலாம். எனக்கு அது ஏற்பாடு.

நான் நினைத்தது சின்ன விஷயம். கோடை முடிந்து முதல் மழை வரும். சாலையில் ஊறிய எண்ணெயெல்லாம் மேலே வரும். பள்ளிக்கூடத்து ரவுண்டானாவில் வண்டியின் வால் ஒரு சுற்றுச் சுற்றும், ஓரக்கல்லில் முட்டிச் சக்கரம் வளையும். இல்லாவிட்டால் உங்கள் ஆட்களே பிடித்து, ஓட்டத் தகுதியில்லை என்று கண்ணாடியில் மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். எப்படியும் பாலைவனப் பயணம் நின்றுபோகும். மாதம் ஒன்று போகும், வீடு கைநழுவும், இங்கேயே இருப்பார்கள். கொஞ்ச நாள் தாமதம், அவ்வளவுதான் நான் விரும்பியது.

மழை வந்த காலையில் ஜாரட் வேலைக்கு நண்பன் வண்டியில் போய்விட்டான். ஷானா சாவியைச் சுழற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"என் காரு பேட்டரி செத்துப்போச்சும்மா. ஜாரட் காரை எடுத்துட்டுப் போறேன். இங்கதான், சட்டுனு வந்துடுவேன்."

"மழை பெய்யுதே."

"நீ குடுத்த டயர்தானே, அப்புறம் என்ன பயம்?" என்று என் தட்டிலிருந்த டோஸ்டைக் கடித்துக்கொண்டே போனாள்.

இந்த ஜன்னலில்தான் நின்றேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இடப்பக்கம். அவள் ஏறினாள், இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், எனக்குக் கை காட்டினாள். என் வாய் மூடியிருந்ததை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்று மூடியிருந்தது.

கூப்பிட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதுமட்டுமில்லை. நின்ற நிலையில் ஒரு கணக்கு ஓடியது. ஜாரட் பயந்தால் சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். இவளே பயந்துவிட்டால் கிளம்பவே மாட்டாள். அது இன்னும் நல்லது என்று நினைத்தேன். டோஸ்டின் மிச்சத்தைச் சாப்பிட்டேன்.

ரவுண்டானாவில் நான் நினைத்தபடியேதான் வால் சுற்றியது. ஓரக்கல்லைத் தாண்டி ஒரு யூகலிப்டஸ் மரம் நிற்பது எனக்குத் தெரியும். தினமும் அதைக் கடந்துதான் கடைக்குப் போகிறேன். கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

பட்டனை அணைத்து வைத்தது நான்தானே என்று ஜாரட் சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். உன் தப்பில்லைப்பா என்று முதுகைத் தடவினேன். சுத்தமான உண்மை அது. அதை மட்டும் அவன் நம்பவில்லை.

இப்போது அந்தப் பெயர். "டார்வின் தெரு வீட்டுச் சாவி இது, உங்க மகள் பெயிண்ட் அடிக்கப் போயிட்டிருந்தாங்க போல" என்றீர்கள். டார்வின் தெரு. மீன் வறுவல் கடைக்குப் பின்னால், இங்கிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுக் குப்பைத்தொட்டியில் எத்தனை காலி பாட்டில் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூலைவீடு காலியாக இருந்ததும் தெரியும். "யாரு வரப்போறாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்று வூலாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

ரிப்பனில் கட்டிய அட்டையில் 'அம்மா' என்று ஷானாவின் கையெழுத்து. எனக்கென்று தனிச் சாவி செய்திருக்கிறாள். எப்படியும் கதவைத் தட்டாமல்தான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். அளவைத் தெரிந்தேதான் சொன்னேன். அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஜாரட்டுக்கு இதில் பங்கில்லை. அவனிடம் நீங்கள் சொல்லுங்கள், நான் சொன்னால் ஆறுதல் என்று நினைத்துக்கொள்கிறான்.

இன்னொன்றையும் எழுதுங்கள். அவளைப் புதைத்த இடம் டார்வின் தெருவைவிடக் கிட்ட. இந்த ஜன்னலிலிருந்தே அதன் வேலி தெரியும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன். முன்பெல்லாம் நான் பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். இப்போது போவதில்லை.