குழாய்க்குச் சட்டை

இந்த அறை குளிரவில்லை என்று இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள், ஐயா. உள்ளே வரும்போதே கவனித்தேன். ஏசியிலிருந்து சன்னல் வழியாக வெளியே போகும் தடித்த குழாயின் உறை கிழிந்து தொங்குகிறது. அந்த இடத்தில் குழாய் வேர்த்து, சுவரெல்லாம் பாசி பிடித்துவிட்டது. ஒரு முழம் கறுப்பு உறையும் கொஞ்சம் வெள்ளி டேப்பும் இருந்தால் கால் மணி நேர வேலை. என் கை இப்போது சும்மாதான் இருக்கிறது. நீங்கள் விடமாட்டீர்கள், அதுவும் சரிதான்.

நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தத்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலையில் பிழை விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அதற்கு முன் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று புரியாது. கார் ஏசியில் இரண்டு குழாய்களைத் தெரிந்துகொண்டால் போதும். மெல்லியது சூடானது, அதை விட்டுவிடுங்கள். தடித்தது காருக்குள் குளிரைக் கொடுத்துவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பி வருவது. தொட்டால் சில்லென்று இருக்கும், வேர்க்கும். எஞ்சின் கொதிப்புக்கு நடுவில் அது வெற்றுடம்போடு கிடக்கிறது. அதற்கு உறை போட்டால் கம்ப்ரஸருக்குப் போகிற வாயு சூடேறாது, கம்ப்ரஸரின் பாரம் குறையும், உள்ளே காற்று இன்னும் குளிரும். நான் கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் முதலில் செய்தவன் நான்.

பட்டறை அண்ணனுடையது. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கார் தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவார். நான் முதல்முதலாக உறை போட்ட காரை வந்து பார்த்தார். நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டேய், இருக்கிற குளிரையெல்லாம் உள்ளே குடுத்துட்டு வெறுங்கையோட திரும்பிப் போற குழாய்டா அது. அதுக்கு எதுக்குச் சட்டை?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெப்பமானியைக் காட்டினேன். உறை போடுமுன் ஒன்பது டிகிரி, போட்ட பின் ஏழு. அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை, வானத்தைப் பார்த்தார்.

"நீ முதல்ல அளந்தப்போ வெயிலு. இப்போ மேகம். அந்த ரெண்டு டிகிரி மேகம் குடுத்தது, உன் சட்டை குடுத்தது இல்ல."

அன்றைக்கே தெருவில் எனக்குச் 'சட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "சட்டை இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாடிக்கையாளர்கள் வருவார்கள். என் மனைவி கடைக்குப் போனால் 'சட்டை வீட்டம்மா'. ஒன்பது வருடங்கள். எனக்குக் கோபம் வராது, ஐயா, தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது வலித்தது. தெரு சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். தொழில் தெரிந்த ஒரே மனிதர் சிரித்ததுதான் வலித்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. இடது கையும் புத்தியும் தப்பின. புத்தி முன்பைவிடக் கூர்மையாக இருந்ததென்றே சொல்வேன். உடம்பு இனிச் சூட்டைத் தாங்காது, வெயில் காலத்தில் குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இந்த வார்த்தைகளை நான் என் காதால் கேட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், இது பின்னால் வேண்டியிருக்கும்.

அண்ணி வேலைக்குப் போகாமல் முடியாது. வீட்டில் அவரைத் தனியாக விடவும் முடியாது. பட்டறைக்கோ தகரக் கூரை. அப்போது வழி சொன்னவன் நான்தான். அண்ணனின் பழைய கார் பட்டறை முற்றத்தில் சும்மா நிற்கிறது, பகலெல்லாம் அதன் பின் சீட்டில் உட்கார வைப்போம், ஏசி ஓடட்டும் என்றேன். அண்ணி அழுதுவிட்டார்கள்.

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்காது, தம்பி."

பக்கத்துப் பஞ்சர்க்காரர் வேறு, தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது பொய் இல்லை. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இரண்டு வருடமாக நான் செய்தேன். முகம் சுளித்ததில்லை.

அண்ணனை உட்கார வைக்கும் முன்பே அந்தக் காரின் குழாய்க்கு உறை போட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு, என் வாழ்நாளில் செய்ததிலேயே சுத்தமான வேலை. காற்று ஆறு டிகிரிக்கு இறங்கியது. வெப்பமானியை அவர் கண்ணெதிரே பிடித்தேன். பேச முடியாதவரிடம் பேச ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். இடது கை மோதிரத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை.

"அண்ணா, உறை போட்டதால நல்லா குளுருதா?"

இரண்டு தட்டினார். வாயின் இடது ஓரத்தால் சிரிக்கவும் செய்தார்.

மறுநாளும் கேட்டேன். இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு. தண்ணீர் வேண்டுமா, போர்வை வேண்டுமா என்றால் ஒழுங்காகப் பதில் வரும். குளிர் தாங்காமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே என் கேள்விக்கு இரண்டு தட்டுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். தினமும் காலையில் ஒரு தடவை கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். அவரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி எதுவும் இல்லை. வேலையை இன்னும் திருத்தமாகச் செய்யவேண்டும் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினேன். முன் கண்ணாடிக்கு வெயில் மறைக்கும் அட்டை வைத்தேன். கதவுகளுக்குள் பஞ்சுப் பலகை அடைத்து, விளிம்புகளில் இரட்டை ரப்பர் போட்டேன். அவர் சாய்ந்து விழுந்துவிடாதபடி, உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாத குழந்தைப் பூட்டும் போட்டேன். ஒவ்வொன்றும் குளிர்ச்சிக்காகவும் பாதுகாப்புக்காகவும் செய்தது, எந்த மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எல்லாம் முடிந்தபோது வெளியிலிருந்து அவரைப் பார்க்க முடியவில்லை. ஓரடி தூரத்தில் நின்றால்தான் மோதிரச் சத்தமே கேட்கும். எஞ்சின் சத்தம் கேட்டாலும், உள்ளே ஏசி ஓடுகிறதா என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் மிஞ்சியது. ஓடினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டிச் சிமெண்டுத் தரை நனைந்திருக்கும்.

நீங்களும் அந்தத் தரையில்தான் என்னைப் பிடித்தீர்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் நான் சொல்ல, தரை காய்ந்து கிடந்தது என்று பஞ்சர்க்காரர் சொல்லிவிட்டார்.

இப்போது முதல் பிழை. தரை விஷயம் வந்த பிறகு, அன்று காரில் பெட்ரோல் நிரப்ப மறந்துவிட்டேன் என்று மாற்றிச் சொன்னேன். மறக்கவில்லை. கேன் நிறையப் பெட்ரோல் சுவரோரம் இருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

அன்று காலை ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். வெளியூர்க்காரர், என் பட்டப்பெயர் தெரியாதவர். உறை போட்டால் குளிர் கூடும் என்று யாரோ சொல்லி வந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விளக்கமாகச் சொன்னேன். ருசுவுக்கு அவரை அண்ணன் காரிடம் அழைத்துப்போய்க் கதவைத் திறந்து காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால், இன்னொருவர் முன்னால் அண்ணன் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பியிருக்கிறேன் போலிருக்கிறது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

இரண்டு தட்டு. நிறுத்தி, நிதானமாக. அந்த ஓரச் சிரிப்பும் கூடவே.

டாக்ஸிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னங்க, உங்க அண்ணனே ஒத்துக்க மாட்டேங்கிறாரு?" நல்ல மனிதர். வண்டியை விட்டுவிட்டு, இரண்டு மணிக்கு வருகிறேன் என்று போனார்.

நான் கதவைச் சாத்தினேன். பெட்ரோல் முள் அடியில் இருந்தது. கேனைத் தூக்கினேன், பிறகு கீழே வைத்துவிட்டேன். குளிரின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும் என்று தோன்றியது. பத்து நிமிடம் போதும், ஒரு தட்டு கேட்டதும் ஊற்றிவிடலாம். கெடுதலான எண்ணம் என்று அப்போது எனக்குப் படவில்லை. இப்போதும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் தவறாகத் தெரியவில்லை.

பத்தே முக்காலுக்கு எஞ்சின் இருமி நின்றது. அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பத்து நிமிடம் கழித்துப் போனேன். கதவைத் திறக்கவில்லை, திறந்தால் உள்ளே மிச்சமிருந்த குளிர் வீணாகும். கண்ணாடியில் வாயை வைத்துக் கேட்டேன்.

"இப்போ சொல்லுங்கண்ணா. இவ்வளவு நாள் நல்லா குளுந்துச்சா இல்லையா? ஒரு தட்டு போதும், உடனே பெட்ரோல் ஊத்திடறேன்."

தட்டினார். ஒன்றுமில்லை, இரண்டுமில்லை, படபடவென்று விடாமல் தட்டினார். எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை வந்து விட்டுப்போயிற்று. எண்ண முடியாத பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"இப்படித் தட்டினா எனக்கு என்ன புரியும்? ஒண்ணா, ரெண்டா?"

நிற்கவில்லை. சரி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளட்டும் என்று டாக்ஸி வேலையைப் பார்க்கப் போனேன். உறையை நீளத்துக்கு அறுத்தேன். குழாயைத் துடைத்தேன். ஈரம் இருந்தால் டேப் ஒட்டாது. பதினொன்றரை இருக்கும், பஞ்சர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சட்டை, அண்ணன் வண்டி ஆஃப் ஆயிருக்கு?"

"குளிருதாம். கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னாரு" என்றேன்.

யோசிக்காமலே வந்துவிட்டது. அவர் போய்விட்டார். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அண்ணன் வாயால் குளிருகிறது என்று வந்தது போல.

காருக்கு அடியில் இருந்த ஈரம் சுருங்கிக்கொண்டே வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். முதலில் ஒரு தாம்பாளம் அளவு, பிறகு ஒரு தட்டு அளவு, பிறகு உள்ளங்கை அளவு. உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இல்லை. குளிரை வெளியே விடாத கார் சூட்டையும் வெளியே விடாது. டாக்டர் சொன்னதும் நினைவில் இருந்தது. டாக்ஸியின் குழாயில் இன்னும் அரை முழம் பாக்கி. ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அண்ணனே சொல்கிற பேச்சு. சுற்றி முடித்தேன். டேப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இனி இரண்டாவது பிழை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போனபோதுதான் அண்ணனின் நிலை தெரிந்தது என்று சொன்னேன். அப்படியில்லை. நான் பன்னிரண்டு மணிக்கே போனேன். தரை முழுதாகக் காய்ந்திருந்தது. கதவின் கைப்பிடியில் கை வைத்தேன், சுட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. உள்ளிருந்து சத்தம் இல்லை. கேள்வியை மறுபடி கேட்டேன். கத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டேன். திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்கிறீர்கள். அப்போது திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்துக்கொண்டேதான் நின்றேன். ஒன்பது வருடம் காத்திருந்தவனுக்கு இன்னும் ஒரு நிமிடம் பெரிதில்லை.

அவர் நெற்றி கண்ணாடியில் மோதிச் சாய்ந்து கிடந்தது என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். அவர் நல்லவர், ஆனால் அங்கே இருந்தவர் இல்லை. இருந்தவன் நான். தெளிவாகக் கேட்டது, ஐயா. கண்ணாடியில் ஒரு தட்டு. இரண்டாவது வருமோ என்று கைப்பிடியை விடாமல் வெகுநேரம் காத்திருந்தேன்.

வரவில்லை. அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார்.