சிவப்புச் சட்டைக்காரன் கயித்தை விடமாட்டான்

ஹலோ... சொல்றா குண்டூசி... என்னது, மறுபடியும் நின்னுடுச்சா? ஐயையோ... மலை பாதியிலயா? ச்சே ச்சே... கேக்கவே கஷ்டமா இருக்கு மச்சான்...

சிரிக்கலடா. இருமல். கொஞ்ச நாளாவே இருமல்.

சரி, பதறாத. புது கேம் மெஷின்னா அப்படித்தான். ... ஆமா... ஆமா ஆமா, லினக்ஸ்ல ஓடறதுதான், தெரியும். நீ வாங்குன அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டியே. அன்னிக்கு சாயங்காலம் அம்மா என்கிட்ட, "அத்தை பையனைப் பாரு, லினக்ஸெல்லாம் வச்சிருக்கான்"னு சொன்னாங்க. ஏதோ பட்டம்னு நினைச்சுட்டாங்க போல...

குறை சொல்லலடா. நல்ல டப்பாதான். கைக்குள்ள அடங்குது, அழகா இருக்கு. ஆனா உள்ள என்ன இருக்கு சொல்லு? கேம் இருக்கா? ... இல்லல்ல? கேம் ஓடறது எங்கயோ கண்காணாத ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல. உனக்கு வர்றது படம் மட்டும். நீ இங்க பட்டனை அமுக்கினா சேதி அங்க போகும், அங்க அவன் குதிப்பான், நீ இங்க உக்காந்து வேடிக்கை பார்ப்ப. ... கிளவுட் ஸ்ட்ரீமிங்தான். பேரு எனக்கும் தெரியும், கத்தாத...

என்ன? என் டவர் கம்ப்யூட்டர்லயும் அதேதானா? ... ஆமா. ரெண்டு பேரும் சேர்ந்து பணம் கட்டி எடுத்த ஒரே கணக்குதான், யாரு இல்லன்னா? ஆனா என் டவர்ல வரும்போது அதுக்கு ஒரு கம்பீரம் இருக்குடா. கலர் கலரா லைட் எரியும்... சூட்டைப் பத்தி நீ ஏன் பேசுற? மழைநாள்ல அதுக்குப் பக்கத்துல ஒட்டி உக்காந்து கை காய வச்சது யாரு?

சரி, இப்ப எங்க இருக்க? ... குடோன்லயா? ... சாப்பாட்டு இடைவேளையா. அட்டைப்பெட்டி மேல உக்காந்துகிட்டு... என்னது? படுத்துகிட்டா? ... சம்பளமும் வாங்கிகிட்டு, அட்டைப்பெட்டி மேல படுத்துகிட்டு, மலையும் ஏறுற. நல்லா இரு. வேற என்ன சொல்ல.

நான் சொல்றதைச் செய். வைஃபை எங்கேர்ந்து வருது? ... சூப்பர்வைசர் ரூம்லேர்ந்தா. அந்தப் பக்கம் திரும்பி நில்லு. ... மூஞ்சியை இல்லடா, மெஷினைத் திருப்பு. ... இன்னும் தூக்கு. தலைக்கு மேல. ... இப்ப ஒரு காலை மடக்கு. ... ஏன்னா தரை சிக்னலை இழுக்கும். ரெண்டு காலும் தரையில இருந்தா ரெண்டு மடங்கு இழுக்கும். இன்ஜினியரிங் படிக்கிறது நானா, நீயா?

அம்மா! இந்த மேஜையைத் தவிர மத்த எல்லாத்தையும் துடைச்சுக்கோம்மா... போன்ல இருக்கேன்ல... ஆமா, குண்டூசிதான்... ஆமா, லினக்ஸ்தான்...

அம்மா விசாரிச்சாங்க. சரி, இப்ப ஓடுதா? ... ஓடுதா! ... நல்லா ஓடுதா? ... எதுவரைக்கும் வந்திருக்கு? ... கடைசி பனிப்பாறையா? உச்சிக்கு நேர் கீழயா? அட... அட அட...

மறுபடியும் நின்னுடுச்சா? கொடுமைடா.

என்ன சத்தம்? ... எந்த "டக்"? ... அது பேனா. யோசிக்கும்போது பேனாவை அமுக்கி அமுக்கி விடுவேன். உனக்குத் தெரியாதா என்னைப் பத்தி?

ஒரு நிமிஷம் இரு. இப்ப "ஏறிட்டோம்"னு சொன்ன. 'டோம்'. அது ரெண்டு பேர் ஆடற கேம். ஒரே கயிறு, ரெண்டு முனையில ரெண்டு ஆளு. மஞ்சச் சட்டை நீ, சிவப்புச் சட்டை நான். இப்ப சிவப்புச் சட்டையில யாருடா இருக்கா? ... யாரு? ... உன் சூப்பர்வைசரா! டேய், அவருக்குப் பொண்ணு கல்யாண வயசுல இருக்குன்னு நீதானே சொன்ன?

எனக்கென்ன கோபம்? கோபமெல்லாம் இல்ல. நாம ஆரம்பிச்ச மலை. நீ வேலைக்குப் போனதுலேர்ந்து நான் ஒரு அடி ஏறுனேனா? சிவப்புச் சட்டைக்காரன் பாறையில தொங்கிகிட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னைத்தான் எதிர்பார்த்துகிட்டு இருந்தான். நீ வரல. "அசதியா இருக்கு மச்சான்." இந்த அசதி சூப்பர்வைசர் கூட ஆடும்போது எங்க போச்சு? ... ரெண்டாவது கண்ட்ரோலர் வேற வாங்கிட்டியா? ... அவருக்குன்னே? ... ஓஹோ. அந்த உள்ளங்கை அகலத் திரையில ரெண்டு பேரும் தலையை ஒட்டி வச்சுகிட்டு பார்க்கறீங்களா? நல்லா இருக்கும். போட்டோ எடுத்து மாட்டு.

பொறாமையா? எனக்கா? யார் மேல, குடோன் சூப்பர்வைசர் மேலயா? எனக்கு வேற வேலை இல்லயா? ... இப்போதைக்கு இல்ல. அது வேற விஷயம்.

ஆமா... அவர் எப்படி ஆடுறாரு? சும்மாதான் கேக்குறேன். ... கயித்தை விட்டுடுறாரா? ... ஒவ்வொரு தடவையுமா? ... ஐயோ பாவம். வயசாச்சுல்ல. அப்புறம்? நீ விழுந்தியா? எப்படி விழுந்த? மெதுவா, விவரமா சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல...

என்னது, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எப்பலேர்ந்து?

வணக்கம் சார்! ... ஆமா சார், அவனுக்கு மாமா பையன் சார். ... ரொம்ப சந்தோஷம் சார். இந்த வயசுல... இந்த... இந்த ஆர்வம் எல்லாருக்கும் வராது சார். ... இல்ல சார், சிவப்பு உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கும்...

என்ன சார், திரையில ஏதோ எழுதியிருக்கா? ... அதையெல்லாம் படிக்காதீங்க சார், விளம்பரமா இருக்கும். ... படிச்சுட்டீங்களா. ... "வேறொரு கருவியில் திறக்கப்பட்டதால் இங்கே நிறுத்தப்பட்டது." ம். ... "கருவியின் பெயர்: மகாராஜா." ... ம்ம். ... மகாராஜா யாருன்னு தெரியலயே சார். வைரஸா இருக்கலாம்.

குண்டூசி, நீ ஏன்டா பேச மாட்டேங்குற?

... ஆமா. என் டவர்தான். நீ வச்ச பேருதான். ... ஆமாடா, நான்தான். நேத்து உன் இடைவேளையிலயும் நான்தான். ஒரு கணக்குல ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான் ஓடும். நீ உள்ள வந்தா நான் இங்க ஒரு அமுக்கு, நீ வெளிய. ... ஆமா, அது பேனா இல்ல. ... காலும் மடக்க வேண்டியதில்ல. ... இன்னுமா மடக்கி வச்சிருக்க? இறக்குடா.

திட்டு. நல்லா திட்டு. ... ம்... ஆமா... ஆமா... அதுவும் சரிதான்... எங்க அப்பாவை இழுக்காத, அவர் உனக்கு மாமா...

சார்? சொல்லுங்க சார். ... கயித்தை எப்படிப் பிடிக்கணும்னா? என்கிட்டயா கேக்குறீங்க? ... யாரு, குண்டூசியா? என்னைப் பத்தியா? ... "சிவப்புச் சட்டைக்காரன் கயித்தை விடவே மாட்டான்"னா? ... எப்ப சொன்னான்? ... நீங்க ஒவ்வொரு தடவை விடும்போதுமா?

...

இருக்கேன் சார். லைன்லதான் இருக்கேன். இருமல்.

சரி. உள்ள போங்க. நான் எதையும் தொடமாட்டேன். என் திரையில "இங்கே தொடரவா?"ன்னு கேட்டுகிட்டு நிக்குது, எந்தப் பட்டன் பட்டாலும் இங்க வந்துடும். நிக்கட்டும். ஒரு கையில போன், இன்னொரு கை என் தலை மேல. ... சத்தியமாடா.

சார், வலது பக்கம், அடியில இருக்கிற பட்டன். அமுக்கிப் பிடிங்க. ... விட்டு விட்டு இல்ல சார், அது காலிங் பெல் இல்ல. ... அப்படித்தான். குண்டூசி, ஓரத்துல நிக்காத, அது உடையும். படம் கொஞ்சம் தாமதமாத்தான் வரும், கால் விளிம்புக்கு வர்றதுக்கு முன்னாடியே தாவு. ... இப்ப! சார், பிடிங்க, பிடிங்க, விடாதீங்க, விடாதீங்க, விடாதீங்க...

விட்டுட்டாரா? ... பிடிச்சாரா?

ம். பரவால்ல. ... சந்தோஷம்தான்டா. என் குரல் எப்பவுமே இப்படித்தான்.

உச்சியா? என்ன தெரியுது? ... கடலா? மேகம்தான் இருக்கும்னு நினைச்சேன். ... என்ன கலர்ல? ... சரி, போதும், ரொம்ப வர்ணிக்காத.

கொடியா? ... அதுல ரெண்டு பேரோட பேரை எழுதச் சொல்லுதா? எழுதுங்க. உங்க பேரை எழுதுங்க, வேற யார் பேரு? ... என்ன சார்? ... வேணாம் சார், ஏறுனது நீங்க. ... இல்ல சார், அது முறையா இருக்காது. ... சரி, இவ்வளவு வற்புறுத்துறீங்க, மரியாதைக்காக ஒத்துக்கறேன். மகாராஜான்னே போடுங்க. சிவப்புக்கு நேரா. ... சேமிச்சாச்சா? ... ஒவ்வொரு எழுத்தாத் தேடணுமா? சரி சரி, நிதானமா போடுங்க, நான் இங்கதான் இருக்கேன்...

அம்மா, இந்தப் பக்கம் வராத... அம்மா, தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்... அம்மா, துணி, துணி, கீபோர்டு மேல வைக்காத...

...

ஹலோ? குண்டூசி? ... நின்னுடுச்சா? ... தெரியும்டா. மலை இங்க வந்துடுச்சு. ... பேரா? இல்ல, பேரெல்லாம் இல்ல. கடைசியா சேமிச்ச கூடாரத்துலேர்ந்து மறுபடி ஏறச் சொல்லுது. ... டேய், நான் இல்லடா! அம்மா! துடைச்சாங்க! ஈரத்துணி! ... சார், நீங்களாவது நம்புங்க சார், என் கை தலை மேலதான் இருந்துச்சு, இப்பவும் அங்கதான் இருக்கு... அம்மா, நீயே சொல்லும்மா, மலையில என்ன நடந்துச்சுன்னு சொல்லு... "எந்த மலை"ன்னு கேக்குறாங்க சார்...

சார்? ... மச்சான்?

நான் கயித்தை விடலடா... ஹலோ? ... ஹலோ?