ஜன்னல் வரைக்கும்தான் ஜூம்

நூலகர்: அப்போ நம்ம நூலகத்துப் பழைய போட்டோவெல்லாம் வெப்சைட்ல காட்ட ரெண்டாவது சாப்ட்வேர்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க.

கம்ப்யூட்டர்காரர்: நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன். படத்த முன்னாடியே துண்டு துண்டா வெட்டி வெச்சுக்கும். வாசகர் ஜூம் கேட்டா டக்குனு எடுத்து நீட்டும்.

நூலகர்: முதல் சாப்ட்வேர்?

கம்ப்யூட்டர்காரர்: கேட்டப்புறம்தான் வெட்டும். சர்வருக்கு மூச்சு வாங்கும்.

நூலகர்: ஆனா எவ்வளவு கிட்டப் போனாலும் காட்டுது. உங்களோடது பாதியில நின்னுடுதே...

கம்ப்யூட்டர்காரர்: எது வரைக்கும் வெட்டி வெச்சோமோ அது வரைக்கும்தான் மேடம்.

நூலகர்: வெட்டுனது யாரு?

கம்ப்யூட்டர்காரர்: ...நான்தான்.

நூலகர்: மத்த படத்துல எறும்பு காலக்கூட எண்ணலாம். அந்த மில் வாசல் போட்டோ மட்டும் ஏன் ஜகா வாங்குது?

கம்ப்யூட்டர்காரர்: நீங்க... ஒவ்வொண்ணா பாத்தீங்களா?

நூலகர்: கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு பாத்தேன். கமிஷன் எவ்வளவு தம்பி?

கம்ப்யூட்டர்காரர்: ச்சே! ரெண்டுமே ஓசி சாப்ட்வேர். எவன் குடுப்பான் கமிஷன்? நான் ஒண்ணு கேக்கட்டா? இத்தன படம் இருக்க, நீங்க ஏன் அதே போட்டோவுக்கே போறீங்க?

நூலகர்: ஸ்ட்ரைக் அன்னைக்கு எடுத்தது. ஊருக்கே முக்கியமான படம்.

கம்ப்யூட்டர்காரர்: கூட்டம் வாசல்ல நிக்குது. நீங்க ஆபீஸ் ஜன்னலுக்குள்ள இல்ல நுழையறீங்க!

நூலகர்: ஓ... ஜன்னல நீங்களும் பாத்திருக்கீங்க.

கம்ப்யூட்டர்காரர்: ஸ்கேன் பண்ணது நான்தானே... சும்மா கண்ணுல...

நூலகர்: மென்னு முழுங்காதீங்க. முதல் சாப்ட்வேர்ல உள்ள வரைக்கும் போயிட்டேன். வெளிய தொழிலாளிங்க அடி வாங்கறாங்க. உள்ள முதலாளி பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சிரிக்கிறாரு.

கம்ப்யூட்டர்காரர்: எல்லாரும் மறந்த கதை மேடம். விட்டுத் தொலைங்களேன்...

நூலகர்: எப்படி விடுவேன்? காட்டிக் குடுத்த கருங்காலின்னு எங்கப்பாவத்தான் சொன்னாங்க! அவரு செத்தப்பகூட ஒருத்தர் எட்டிப் பாக்கல. வயிறு எரியுது தம்பி. அவரு இதோ, வாசல்ல அடி வாங்கிட்டு நிக்கிறாரு. உள்ள இருக்கறது யாருன்னு ஊரே பாத்துச் சொல்லட்டும்.

கம்ப்யூட்டர்காரர்: உங்கப்பாவா... அவரு?

நூலகர்: ஆமா. நீங்க ஏன் பேயறஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?

கம்ப்யூட்டர்காரர்: முதல் சாப்ட்வேரையே போட்டுடறேன் மேடம். ஆனா... நாளைக்குப் போடட்டுமா? யாரோ பாத்துச் சொல்றதுக்கு முன்னாடி எங்கம்மாகிட்ட நானே சொல்லிடறேன், உள்ள உக்காந்து சிரிக்கிறது எங்கப்பான்னு.