விடியற வரைக்கும் மிதிக்கக் கூடாது

பச்சக். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் மறுபடியும், பச்சக். இப்படித்தாண்ணே கேட்டுச்சு ராத்திரி. சேத்துல சிக்கின காலை யாரோ கஷ்டப்பட்டுப் பிடுங்கற மாதிரி. நான் பையனை மடியில போட்டுக்கிட்டு, லைட்டைக்கூடப் போடாம, கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். முதல்ல அந்தத் தரை தேய்க்கற கிரைண்டரைக் கீழ வைங்க மேஸ்திரி அண்ணே, சொல்றேன். ப்ளக்கை வேற சொருகிட்டீங்களா? பிடுங்கிடுங்க. இப்பத்தான் தூங்கியிருக்கான். அது ஓடி அவன் முழிச்சான்னா நீங்கதான் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும்.

நாயா? யாரு, ஓனர் சார் சொன்னாரா? பொழுது விடியறதுக்குள்ள போனைப் போட்டு, புதுத் தரையில நாய் ஓடிடுச்சு மேஸ்திரி, உடனே வந்து தேய்ச்சு எடுத்துட்டு மேல ஒரு கோட் அடிச்சிடுங்கன்னாரா? பாருங்க, தரை மேல என்ன பாசம். வாங்க, அந்த நாயைக் காட்டறேன். பயப்படாம மிதிச்சு வாங்க, இப்பத்தான் கல்லாட்டம் ஆயிடுச்சே.

இதோ, மாடிப்படி வந்து முடியுதுல்ல, அங்கேர்ந்து ஆரம்பிக்குது. அஞ்சு விரல். கட்டை விரல்லேர்ந்து சுண்டு விரல் வரைக்கும், ஸ்கூல் பிரேயர்ல நிக்க வெச்ச மாதிரி ஒழுங்கா. ரெண்டு கால்ல நடக்குது, மாடியிலேர்ந்து இறங்குது, வெறுங்கால்ல வருது. ரொம்ப உசந்த ரக நாயா இருக்கும்ணே.

நேரா எங்க போகுதுன்னு பாருங்க. கேட்டுக்குப் போகல. தண்ணிக் குழாய்க்கும் போகல. எங்க ரூம் ஜன்னல். இங்க ரெண்டு காலும் பக்கத்துல பக்கத்துல, விரல் ஜன்னலைப் பார்த்து. இது மட்டும் அடி வரைக்கும் அமுங்கி, ஓரமெல்லாம் பிதுங்கியிருக்கு. ஏண்ணே, எனக்கு இந்த வேலை தெரியாது, நீங்கதான் சொல்லணும். ஒரு ஆள் எவ்வளவு நேரம் நின்னா, சிமெண்டுக்கு மேல நீங்க ஊத்தின இந்த ரெசின் இப்படிப் பிதுங்கும்?

ம். ரொம்ப நேரம்னுதான் எனக்கும் தோணுச்சு. நாய்க்கு வேற என்ன சோலி?

இல்லண்ணே, உடனே கோவப்படாதீங்க. உக்காருங்க இந்தப் படியில. இந்தாங்க, டீ ஆறிடும். உங்க வேலை அழிஞ்சு போச்சேன்னு உங்களுக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும். சிமெண்ட் கொட்டி, வாட்டம் பார்த்து, ஈரச் சாக்கைப் பரப்பி, வாரக் கணக்குல தண்ணி ஊத்தி ஊத்தி, இந்தத் தரையைப் பிரசவம் பார்த்த மாதிரி பார்த்தீங்க. அடியில துளி ஈரம் இருந்தாலும் ரெசின் தோலு மாதிரி உரிஞ்சு வந்துடும்னு, கன்னத்தை வெச்சுக்கூடப் பார்த்தீங்களே. என் பிரசவத்துக்கே யாரும் இவ்வளவு கவலைப்படல.

நாங்க குடி வந்தப்ப இந்தப் பின்வாசல்ல வெறும் ஜல்லிதானே கிடந்துச்சு? பகல்ல காக்கா நடந்தாக்கூட நறநறங்கும். எங்க வீட்டுக்காரருக்கு மருந்து கம்பெனில நைட் டூட்டி. ராத்திரியில நறநறன்னு கேக்கும். ஜன்னல்கிட்ட வந்து நிக்கும். இவர்கிட்டச் சொன்னேன். பூனைன்னாரு. செருப்பு போட்ட பூனையான்னு கேட்டேன், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. மாமியார்கிட்டப் போன்ல சொன்னேன். பிள்ளை பெத்த உடம்பும்மா, இல்லாததெல்லாம் காதுல கேக்கும்னாங்க. டாக்டர்கிட்டயும் சொன்னேன், விடுவேனா. சத்துக் குறைச்சல்னு இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நானும் வேளை தவறாம முழுங்கினேன். பூனையும் வேளை தவறாம நடந்துச்சு.

கடைசியா மாடியேறி ஓனர் சார்கிட்டப் போனேன். பெரிய மனுஷராச்சே! இவருக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவர்தான். அவர் பேரை எடுத்தாலே இவர் சாய்ஞ்சு உக்காந்திருந்தாலும் நிமிர்ந்துக்குவாரு. சார், ராத்திரியில ஜல்லி மேல யாரோ நடக்கற சத்தம் கேக்குது சார்னேன். எப்படிக் கேட்டாருங்கறீங்க! மத்தவங்க மாதிரி சிரிக்கல. அப்படியா, எந்த நேரத்துல, எவ்வளவு தூரம் கேக்குது, உன் புருஷனும் கேட்டானான்னு ஒண்ணு ஒண்ணா விசாரிச்சாரு. கவலைப்படாதேம்மா, நான் பாத்துக்கறேன்னாரு.

பாத்துக்கிட்டாருல்ல? அந்த வாரமே உங்களைக் கூட்டிட்டு வந்து நின்னாரு. ஜல்லியை மொத்தமா அள்ளிடுங்க மேஸ்திரி, ஒரு கல்லு மிஞ்சக் கூடாது, குழந்தை தவழப்போற இடம்னு. நீங்ககூடச் சொன்னீங்களே, வெட்டவெளி சார், மழையில வழுக்கும், மேல பொடிக்கல்லு தூவிச் சொரசொரப்பா விட்டுடலாம்னு. ஒத்துக்கிட்டாரா? வழவழன்னுதான் வேணும், நடந்தா நடந்த மாதிரியே தெரியக் கூடாதுன்னாரு. நான் சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். மனுஷர் சத்தத்தையே எடுத்துட்டாரு. இப்படி ஒரு ஓனர் யாருக்குக் கிடைப்பாங்க, சொல்லுங்க.

எனக்கு அப்பவும் உறைக்கலண்ணே. தேங்க்யூ சார்னு சொல்லிட்டு வந்தேன். கான்வென்ட் வளர்ப்பு. வராந்தாவுல சத்தமில்லாம நடந்தா எங்க சிஸ்டருங்க மார்க்கு போடுவாங்க. ஓனர் சார் எங்க ஸ்கூல்ல படிச்சிருந்தா பிரைஸே வாங்கியிருப்பாரு.

சிமெண்ட் போட்டதும் சத்தம் நின்னுடுச்சு. பாத்தியா, பூனை போயிடுச்சுன்னு இவருக்கு ஒரே பெருமை. மாமியாருக்கும் திருப்தி. டாக்டர் மாத்திரை வேலை செஞ்சுதுன்னாரு. எல்லாரும் குணமாயிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் ராத்திரி, பையனைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருந்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. சத்தம் ஒண்ணுமே இல்ல. பையன் என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துச் சிரிச்சான். தெரிஞ்ச முகத்தைப் பார்த்தாத்தான் அப்படிச் சிரிப்பான்.

திரும்பல. எப்படிண்ணே திரும்புவேன்? அப்படியே பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, இவர் வர்ற வரைக்கும் பக்கெட்டைக் கவுத்து அது மேல உக்காந்திருந்தேன். ஜல்லி இருந்தப்பவாவது வர்றது தெரிஞ்சுது.

என்ன, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு உங்களுக்கு? நீங்க என்ன பண்ணுவீங்க, வழவழன்னு கேட்டாரு, வழவழன்னு போட்டீங்க. ஐயோ, நிஜமாவே உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல.

ஓ, யாருன்னு நான் எப்படி உறுதியாச் சொல்றேன்னு கேக்கறீங்களா? கேளுங்க கதையை. இன்னிக்குக் காலையில ஓனர் சார் முன்வாசல்ல வந்து நின்னாரு. குதிகாலை மட்டும் ஊனி, கொதிக்கிற தார் ரோட்டுல நடக்கற மாதிரி. மேஸ்திரி தின்னர் எதாவது வெச்சுட்டுப் போனாராம்மான்னாரு. எதுக்கு சார்னேன். கால் ஆணியாம். ரெண்டு கால்லயும், ஒரே ராத்திரியில. நானும் பாவமேன்னு உங்க டப்பாவுல அடியில கிடந்ததை எடுத்துக் குடுத்தேன். மாடியிலேர்ந்து வாடை வருது பாருங்க, இன்னும் தேய்ச்சுக்கிட்டிருக்காரு. காஞ்ச ரெசின் தின்னருக்கு அசையுமாண்ணே? அசையாதா? சரி, விடுங்க, நான் போய்ச் சொல்லல.

அதனால இதைத் தேய்க்காதீங்க. இவர் டூட்டி முடிஞ்சு வந்துக்கிட்டேதான் இருக்காரு. வந்து தன் கண்ணால பார்க்கட்டும், தன் காலை இது மேல வெச்சுப் பார்க்கட்டும், ஓனர் சாரைக் கூப்பிட்டு அவர் காலையும் வெக்கச் சொல்லட்டும். அதுக்கு அப்புறமும் பூனைன்னா, பையனைத் தூக்கிக்கிட்டு நான் எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பறேன். பை கட்டியாச்சு, கட்டிலுக்கு அடியில இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு உதவி. டிரில் கொண்டு வந்திருக்கீங்கதானே? இந்தாங்க தாழ்ப்பாள். நானே கடைக்குப் போய் வாங்கினதுதான், இருக்கறதுலயே தடிமனா ஒண்ணு. இந்தப் பின்கதவுக்குப் பூட்டு மட்டும்தான், அதுக்கு இன்னொரு சாவி மாடியில இருக்கு. அவசரத்துக்குன்னு வெச்சிருக்காரு. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கறேன்னு கேட்டேன், குடியிருக்கறவங்க கதவு நிலையில ஓட்டை போடக் கூடாதும்மான்னுட்டாரு. தினமும் காலி கேஸ் சிலிண்டரை இந்தக் கதவுகிட்ட உருட்டி வெச்சுட்டுத்தான் படுக்கறேன்.

மாடிக்குச் சத்தம் கேட்டா கேக்கட்டுமே. தேய்க்கறீங்கன்னு நினைச்சுச் சந்தோஷப்படுவாரு. போடுங்க. பையன் முழிச்சா முழிக்கட்டும், பரவாயில்ல.

...ஆங், கொஞ்சம் மேல. ம், அங்கதான்.

என்னண்ணே? ஆமா, சொன்னீங்க. நல்லா ஞாபகம் இருக்கு. நேத்து வெயில்ல முதல் பக்கெட் ரெசின், அதை இறுக வெக்கற ஹார்டனர் கலந்ததுமே கொதிச்சு, புகை விட்டு, குச்சியோட சேர்ந்து பாறையாயிடுச்சு. வேற ஹார்டனர் கலந்தீங்க. இது மெதுவாத்தான் பிடிக்கும்மா, இருட்டறதுக்குள்ள காஞ்சிடும்னு முன்னாடியே ஓனர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், ஆனா இனி விடியற வரைக்கும் மிதிக்கக் கூடாது, ஓனர் வந்ததும் மறக்காமச் சொல்லிடுன்னீங்க.

மறக்கல.

சாயங்காலம் வந்து நின்னு, அழகா இருக்கில்லம்மா தரைன்னாரு. கண்ணாடி மாதிரி இருக்கு சார், ரொம்ப தேங்க்ஸ்னேன். அப்புறம், இவருக்கு இன்னிக்கும் நைட் டூட்டி சார்னேன். அவர் கேக்கவே இல்லண்ணே. அதை மட்டும் நானாத்தான் சொன்னேன்.

மாட்டிட்டீங்களா? நகருங்க, நானே போட்டுப் பாக்கறேன். நீங்க வெளிய போங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி.

ம். இப்பக் கதவைத் தள்ளுங்க. தோளைக் குடுத்துத் தள்ளுங்க, நான் பிடிச்சுக்கல. இன்னும் பலமா.

சரி, போதும். இவர் வந்தா முதல்ல ஜன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. நான் பையன் பக்கத்துல கொஞ்சம் படுக்கறேன்.