தொக்கம் எடுத்த கை

பெத்ரொனிலா: கைய எடுங்க டாக்டரம்மா... உயிர் போகுது.

டாக்டர் யாதிரா: எடுத்துட்டேன். இப்ப தலைய மட்டும் தூக்குங்க. முதுகு கட்டில்லயே இருக்கட்டும்.

பெத்ரொனிலா: வலி வயித்துல. தலைய எதுக்கு...

யாதிரா: தூக்குங்களேன்.

பெத்ரொனிலா: ஐயோ... முன்னைவிட வலிக்குது.

யாதிரா: வயித்துத் தசை இறுகியும் கட்டி மறையல, கைக்கு அப்படியே தட்டுப்படுது. அப்ப இது குடல்ல இல்ல. வயித்துத் தசைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு.

அன்செல்மோ: குடல்வால்னு எங்க மருமக சொன்னா. அறுக்கணுமாமே...

யாதிரா: உங்க மருமக எந்தக் காலேஜ்ல படிச்சா அண்ணே? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கள அவசரப்பட்டு அறுத்தா, உங்க பொண்டாட்டி வீடு திரும்ப மாட்டாங்க.

அன்செல்மோ: சாமி... அப்ப என்ன பண்றது?

யாதிரா: முதல்ல ரத்தக் கசிவு நிக்கணும். இன்னைக்கு அந்த மாத்திரை கிடையாது. இதயத்துல வால்வு வெச்ச டாக்டர்கிட்ட நானே பேசறேன். ஆம்புலன்ஸ் வருது, மனாகுவா பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுப்பாங்க. ரத்தம் குறையுதான்னு திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க. அதுவரைக்கும் நீங்க அசையக் கூடாது. சரி, எப்படி ஆச்சு?

பெத்ரொனிலா: இருமினேன்...

அன்செல்மோ: தண்ணிக் குடம் தூக்கினா.

யாதிரா: ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டாவது வந்திருக்கலாம். வயித்துல எண்ணெய் பிசுபிசுக்குது. விரல் விரலா நீலம் பாய்ஞ்சிருக்கு. வயித்தப் பிசைஞ்சு தொக்கம் எடுத்தது யாரு?

பெத்ரொனிலா: சோளரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னேன். உள்ளயே ஒட்டிக்கிட்டு வயிறு கல்லாட்டம்...

யாதிரா: என்ன தின்னீங்கன்னு கேக்கல. யாரு?

அன்செல்மோ: விடுங்க டாக்டரம்மா. தங்கமான மனுஷி. நல்லதுன்னு நெனச்சுத்தான்...

யாதிரா: எப்படி விடறது? இதே மாத்திரை சாப்பிடறவங்க இந்த ஊர்ல இன்னும் ஆறு பேர் இருக்காங்க. அவங்க வயித்தையும் பிசையட்டுமா? பேரச் சொல்லுங்க. உங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்ட கையோட நேரா அங்கதான் போறேன்.

பெத்ரொனிலா: போய்ச் சத்தம் போட மாட்டேன்னு சொல்லுங்க.

யாதிரா: போடுவேன். இனிமே அந்தக் கை எவர் வயித்து மேலயும் படக் கூடாது.

பெத்ரொனிலா: வேணாம்மா... பாவம்.

யாதிரா: பெத்ரொனிலாக்கா, இன்னொருத்தர் செத்தா அந்தப் பாவம் யாரு தலையில?

பெத்ரொனிலா: ...உங்கம்மாதான் எடுத்தாங்க. செத்தாலும் என் மககிட்ட சொல்லாதீங்கன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க.