அதே குரலில்

“நீ சொல்றது கமெண்டரி இல்ல, வெறும் ஆறுதல்லா.”

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பும் தம்பதி, ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கணவர்தான் இப்படிச் சொன்னார்.

“டாக்டர் சிரிச்சாருன்னேன். அதுல என்னங்க தப்பு?” என்றார் மனைவி.

“சிரிச்ச ஆளுக்குக் குரல் அப்படி வராது. ரேடியோவுல பதினெட்டு வருசம் ஃபுட்பாலுக்குக் கமெண்டரி பண்ணவன் நான். கமெண்டரி பண்றதுன்னா, பாக்க முடியாதவனுக்கு நடந்தத நடந்தபடி சொல்றது. நம்ம டீம் கோல் வாங்குனாலும் அதே குரல்ல சொல்லணும். சொல்லு, இன்னும் ஏதாச்சும் பண்ண முடியுமான்னு நான் கேட்டப்ப அவரு என்ன பண்ணாரு?”

இரண்டு ஸ்டேஷன் தாண்டியது. பிறகு அந்த அம்மாள் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

“உங்கள நிமிர்ந்து பாக்கல. என்னையப் பாத்து இல்லன்னு தலையாட்டுனாரு. உங்க ஃபைல மூடிட்டு, அடுத்த ஆளோடத எடுத்துட்டாரு.”

“நீ என்ன பண்ண?”

“தேங்க்ஸ் டாக்டர்னு சொன்னேன்.”

கணவர் கையிலிருந்த வெள்ளைத் தடியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

“இதான் கமெண்டரி,” என்றார். “இப்ப என்ன பண்ற?”

“சன்னல் வழியா வெளிய பாக்குறேங்க,” என்றார் மனைவி, அதே குரலில்.

கணவரின் முகத்திலிருந்து அந்த அம்மாள் கண்ணை எடுக்கவேயில்லை.